எல்லா வகுப்பிலும் முதல் படம் நான்தான்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் புத்தி வந்த என் அருமைத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் மாமா நலம், நீ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போன புரோகிராம் எங்கள் இரண்டு பேரையும்விட நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரியும், அவள் மடியைவிட்டு இறங்காத அந்தக் கோபக்காரப் பூனையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் பதில் எழுதும்போது பூனையிலிருந்து தொடங்கு, அதுதானே அந்த வீட்டில் பெரியவர்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் மூச்சு விடுகிற இடைவெளியில் நீ "சரிக்கா, மீட்டிங் இருக்குக்கா" என்று நழுவிவிடுகிறாய். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு என்னையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்துவிட்டார்கள், அதில் எங்கள் இரண்டு பேருக்குமே பெரிய வருத்தமில்லை, ஆகவே பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி. விஷயம் இதுதான்: உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதி ஒட்டி அனுப்பியிருப்பேன், ஆனால் நடந்தது முழுவதையும் கேட்டால்தான் அந்த வார்த்தையின் எடை உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் வீட்டுக்காரி பிரித்துப் படிப்பாள் என்பதால் அவளுக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து வருகிறேன். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுக்க வருகிறவர்களைப் பச்சைத் துணிக்கு முன்னால் உட்கார வைப்போம். அப்புறம் அந்தப் பச்சையை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குக் கடல், கேட்டவர்களுக்கு மலை, வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாதவர்களுக்குப் புத்தக அலமாரி என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக் கொடுப்போம். எடுத்துவிட்டு என்று நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், உன் மாமா அதை முடி முடியாக எடுப்பார். மவுஸைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து வருவார். வழுக்கைத் தலை வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். சுருட்டை முடி வந்தால் தட்டில் வைத்த சோறு ஆறிக் காய்ந்து போகும். கடைசியில் தெருவில் சுருட்டை முடியோடு யாராவது சும்மா நடந்து போனாலே மனுஷர் முகம் வாட ஆரம்பித்துவிட்டது. மணிக்கட்டில் வீக்கம் வேறு. இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தார், ஒரு மாப்பிள்ளையின் காது போய்விட்டது, திரும்ப வைத்துக் கொடுத்தோம், ஆனால் அது வேறு யாருடைய காதோ.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய பெரியப்பா மகன், இரும்புக் கடை வைத்திருக்கிறவர், ஆணி நிறுத்துக் கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உன் மாமாவும் மனதுக்குள் பாதி தூரம் போய்விட்டார். இவர் ஆணி விற்றால் என்ன ஆகும், ஆணியின் தலையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார், வாங்க வந்தவர் வேறு கடையில் ஆணி வாங்கி வீடு கட்டிக் குடியும் போயிருப்பார். சிரிக்காதே. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஒரு வாரம் கேமராவைத் தொடாமல் படுத்திருந்தார், அப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த முகத்தோடு மிச்ச வாழ்நாளை ஓட்ட எனக்குத் தெம்பு கிடையாது. இந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது: பள்ளிக்கூடம் முழுக்க ஆளுக்கொரு படம், டீச்சர்களுக்கும் சேர்த்து. கையால் வெட்டினால் அந்தப் பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்துவிடும். அப்போதுதான் நீ வந்தாய், உட்கார்ந்தாய், தட்டினாய், போனாய். நீ பஸ் ஏறின பிறகு உன் மாமா என்னிடம் சொன்னது இது: "மச்சானோட மிஷின் இந்த ஸ்கூல் வேலையை ஒழுங்கா முடிச்சுக் குடுத்துச்சுன்னா கடை. இல்லைன்னா ஆணி." சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்கவில்லை.

நீ சொல்லிக் கொடுத்ததை நான் ஒரு எழுத்து பிசகாமல் மனதில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்குள் இரண்டு பெட்டி, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. எடுத்த படத்தை உள்ளேயில் போட்டால் மிஷின் தானே பச்சையை உரித்து, குட்டி வகுப்பு என்றால் பலூன் பறக்கிற வானம், நடு வகுப்பு என்றால் கடல், பெரிய வகுப்பு என்றால் நிலா, டீச்சர்கள் என்றால் புத்தக அலமாரி என்று தானே வைத்து, வெளியேயில் போடும். டீச்சர் கொடுத்த பெயர் வரிசைப்படி ஒரு பிரிண்டரில் பெயர் அச்சடித்த கவர் வரும், இன்னொரு பிரிண்டரில் அதே வரிசையில் படம் வரும், ஒன்றை எடுத்து ஒன்றில் போட்டு ஒட்ட வேண்டியது. "பார்க்கவே வேணாம்க்கா, கண்ண மூடிட்டுப் போடலாம்" என்று நீ சொன்னாய். இந்த வாக்கியத்தை நீ ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் துணி கதை. பச்சைத் துணியில் சுருக்கம் இருந்தால் மிஷினுக்குப் பிடிக்காது என்று நீ சொன்னது உண்மைதான், சோதனைக்குப் பக்கத்துத் தையல்காரரை உட்கார வைத்து எடுத்தோம், வானம் முழுக்க விரிசல் விட்டு அவர் தலையில் இடிந்து விழப் போகிற மாதிரி வந்தது. உடனே நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். நான் எடுத்தது தப்பில்லை, எடுத்த பிறகு வாசலில் காய்கறிக்காரன் வந்தது தப்பு. திரும்பி வந்து பார்த்தால் துணியின் நடுவில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல், அதன் வழியாகச் சுவரிலிருந்த கரண்ட் மீட்டர் எட்டிப் பார்க்கிறது. தையல்காரரை மறுபடி உட்கார வைத்தோம், இந்தத் தடவை அழகான நீல வானம், ஒரு கீறல் இல்லை, ஆனால் அவர் காதுக்குப் பக்கத்தில் மேகத்துக்கு நடுவே கரண்ட் மீட்டர். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்மா, மேலயும் கரண்ட் பில் கட்டணுமா?" என்று கேட்டார். சரி, ஒட்டுப் போடலாம் என்று கடைத்தெரு முழுக்க அலைந்து ஒரு பச்சைத் துண்டு வாங்கி வந்தேன். என் கண்ணுக்கு அது அதே பச்சை, உன் மிஷின் கண்ணுக்கு அது அந்நியன். ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மிச்சத்தை உரித்தது. கடைசியில் தையல்காரரே பொறுக்க முடியாமல் ஓட்டையை வெட்டி எறிந்து, அதற்குக் கீழே இருந்ததையும் வெட்டித் தனியே போட்டு, விளிம்பு மடித்துத் தைத்து, குட்டைத் துணியாக ஆக்கிக் கொடுத்தார். பிள்ளைகள்தானே, குட்டையாகவே இருக்கட்டும்.

அடுத்தது, பிள்ளைகள் உட்கார வேண்டுமே. குட்டி வகுப்பில் ஒன்றைப் பிடித்து ஸ்டூலில் வைத்தால் அது மெழுகு மாதிரி வழிந்து கீழே வரும். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வெட்டித் தனியே போட்ட கீழ்த்துணி மிச்சம் கிடந்ததே, அதைத் தலையோடு கால் போர்த்திக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டால் மிஷின் என்னையும் துணி என்று நினைத்து உரித்துவிடும் இல்லையா? உரித்தது. என்னை மட்டும் உரித்தது, விரல்களை விட்டுவிட்டது. பலூன் பறக்கிற வானத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தையின் தோளில் ஆள் இல்லாமல் பத்து விரல்! உன் மாமா பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். அப்புறம் அதே துணியில் கைக்கு உறை தைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் பிள்ளை என்னைப் பார்த்து அலறியது, இரண்டாவது கேட்டது, "நீ என்னா?" என்று. "நான் பச்சை அத்தை" என்றேன். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளையும் பச்சை அத்தை பிடித்தால்தான் உட்காருவேன் என்று அடம். பார்சல் கொண்டுவந்த ஆள் கதவைத் திறந்தபோது நான் அந்தக் கோலத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன், பாவம், கையெழுத்து வாங்காமலே ஓடிவிட்டார்.

துணிக்குள் இருந்தால் எதுவும் தெரியாது, காதும் அரைகுறைதான். உன் மாமா "ம், அடுத்தது" என்பார், நான் தவழ்ந்து போய்த் தோளைப் பிடிப்பேன். கடைசி வகுப்பு போன பிறகு தரையைக் கூட்டிவிட்டு, இன்னும் ஒரு வகுப்பு பாக்கி என்று நினைத்து மறுபடி போர்த்திக்கொண்டேன், அப்படித்தான் பிள்ளைகள் முடிந்து டீச்சர்கள் முறை வந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. தலைமை டீச்சர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றால் தெரு நாய்கூட நேராக நடக்கும். உன் மாமா, "கொஞ்சம் சிரிங்க டீச்சர்" என்றாராம். "சிரிச்சிட்டுதானே இருக்கேன்" என்றாராம் அந்த அம்மா. இவர் பயந்துபோய் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்ல, அது எனக்கு "அடுத்தது" என்று கேட்டுவிட்டது, நான் பழக்கத்தில் தவழ்ந்து போய்ப் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து, "யாரு சமத்துக் குட்டி? பச்சை அத்தைக்கு ஒரு சிரிப்பு குடு பாப்போம்" என்றேன். தோள் கொஞ்சம் பெரிசாக இருக்கிறதே என்று நினைத்தது உண்மை. அப்போது ஒரு சத்தம் வந்தது, வெடிச் சத்தம் மாதிரி. கேமராவும் கிளிக் என்றது. நான் துணியைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அந்த அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். நான் பிடித்திருந்தது யாருடைய தோள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் வேலை முடிந்தது. இரண்டு பிரிண்டரும் ஓடின. நீ சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். படங்கள் கவிழ்ந்து விழுந்தன, கவர்கள் பக்கத்தில் விழுந்தன, ஒன்றை எடுத்து ஒன்றில் போட்டு ஒட்டினேன். வகுப்புக்கு வகுப்பு கடைசியில் கவர் தீர்ந்த பிறகும் ஒரு படம் மிச்சம் இருந்தது. புரட்டிப் பார்த்தேன், ஏதோ ஒரு பிள்ளை சிரித்தது, நானும் சிரித்தேன். தம்பி தாராள மனசுக்காரன், கூடுதலாக ஒன்று போட வைத்திருக்கிறான் என்று நினைத்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். கவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உன் மாமா அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு விசில் அடித்தார்.

மறுநாள் காலை ஸ்டுடியோ கதவைத் திறந்தபோது தலைமை டீச்சர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார், கையில் ஒரு படம். நேராக என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"என் பேர் போட்ட கவர்ல நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

"கையில என்ன?"

"துடைப்பம்ங்க."

"பின்னாடி?"

"புத்தக அலமாரிங்க. சுத்தமா வந்திருக்கு பாருங்க, ஒரு முடிகூட வெட்டுப்படல."

உன் மாமா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினார். அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. நான் விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஒரு வகுப்பு போய் இன்னொரு வகுப்பு வருவதற்கு நடுவில் பிள்ளைகள் கொட்டின பிஸ்கட் தூளை நான் கூட்டிக்கொண்டிருப்பேன், இவர் "ஏய், அங்கயே நில்லு" என்பார், வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னை ஒரு படம் எடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே பழக்கம். கையால் வெட்டுகிற காலத்தில் அந்த முதல் படத்தைத் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். உன் மிஷினுக்கு அது தெரியுமா, தெரியாது. முதலில் வந்த ஆள் வரிசையில் முதல் ஆள் என்று எடுத்துக்கொண்டது. முதல் பிள்ளையின் கவருக்குள் நான். இரண்டாவது பிள்ளையின் கவருக்குள் முதல் பிள்ளை. மூன்றாவதில் இரண்டாவது. இப்படியே பள்ளிக்கூடம் முழுக்க எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்து, "டீச்சருங்க வரிசையில நீங்கதானே முதல்..." என்று தொடங்குவதற்குள் தெருமுனையிலிருந்து சத்தம் கேட்டது.

பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். பால் வாங்கப் போனவர் பால் பாத்திரத்தோடு, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு, ஆளுக்கொரு கவர், ஆளுக்கொரு பிள்ளை. "என் பையன் கவர்ல யாரோ ரெட்டைச் சடை!" "அந்த ரெட்டைச் சடை என் பொண்ணு, குடுங்க இப்படி." "என் பையன் எங்கன்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் தரேன்." "உங்க பையனா நான் வெச்சிருக்கேன்? என்கிட்ட இருக்கறது முன்பல்லு விழுந்தது!" "முன்பல்லு விழுந்ததா? அது எங்க வீட்டுது, எங்க வீட்டுது!" ஆளாளுக்கு அடுத்தவர் பிள்ளையைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு தங்கள் பிள்ளையைக் கேட்கிறார்கள். ஒரு அப்பா வித்தியாசமே தெரியாமல் முதல் நாளே வீட்டில் மாட்டிவிட்டாராம். அவர் மனைவி அதைச் சுவரிலிருந்து பிடுங்கி ஆணியோடு கொண்டுவந்திருந்தாள். "இந்தாங்க உங்க படம், இந்தாங்க உங்க ஆணி" என்று மேஜையில் வைத்தாள்.

அந்த ஆணியைத்தான் உன் மாமா பார்த்தார். லென்ஸைக் கழற்றித் துடைத்தார், மூடி போட்டார், கேமராவைப் பைக்குள் வைத்தார், பையின் ஜிப்பை மெதுவாக இழுத்தார். அந்த ஜிப் சத்தம், தம்பி, தெருவிலிருந்த அத்தனை கூச்சலுக்கும் மேலே எனக்குக் கேட்டது. "என்னங்க" என்றேன். "அண்ணனுக்கு போன் போடு. திங்கக்கிழமையிலேர்ந்து வரேன்னு சொல்லிடு" என்றார். நான் எல்லாவற்றையும் கேலி செய்கிறவள், உனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு நம்பரைத் தேடுகிற மாதிரி நின்றேன், நம்பர் மனப்பாடம், ஆனாலும் தேடினேன்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில். வேலைக்குக் கிளம்பின கோலத்தில் ஒரு பஸ் கண்டக்டர், அவர் பையன் நடு வகுப்பு. "எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க! யம்மா, உங்க பொண்ணு டீச்சர் பேர் கூப்பிடறப்ப என் பையனுக்கு அடுத்ததுதானே?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"என் பையன் உங்க கையில இருக்கான். உங்க பொண்ணுக்கு அடுத்தது யாரு? சார், நீங்களா? உங்க கையில இந்தம்மா பொண்ணு இருக்கா?"

"இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பஸ்ஸு நெரிசலா இருந்தா டிக்கெட் எப்படிங்க வரும்? கையிலேர்ந்து கைக்கு வரும். அவ்வளவுதான் விஷயம். பேர் கூப்பிடற வரிசையில நில்லுங்க. கவரை நீங்களே வெச்சுக்கங்க, அதுல உங்க பேர்தான் இருக்கு. படத்தை மட்டும் முன்னாடி இருக்கறவங்ககிட்ட குடுங்க. ஒரே ஒரு கைதான்! அதுக்கு மேல போகக் கூடாது. படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க!"

பார்க்க வேண்டுமே! வகுப்புக்கு ஒரு வரிசை, ஸ்டுடியோ வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும். டீச்சர்களும் ஒரு வரிசை. கண்டக்டர் விசிலை ஊத, எல்லாக் கையும் ஒரே சமயத்தில் முன்னால் நீண்டன, எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் குனிந்தன, அப்புறம் தெரு முழுக்க "ஆ" என்று ஒரு சத்தம். ரெட்டைச் சடை அம்மாவிடம் போயிற்று, முன்பல் விழுந்தது அப்பாவிடம் போயிற்று. ஒரே கை, ஒரே விசில், முடிந்தது. ஒவ்வொரு வரிசையிலும் முதலில் நின்றவர் என்னிடம் ஒரு படத்தை நீட்டினார், எல்லாம் நான், பலூனுக்கு நடுவில் துடைப்பத்தோடு நான், கடற்கரையில் துடைப்பத்தோடு நான், நிலாவில் துடைப்பத்தோடு நான், அங்கே கூட்ட வேண்டியது நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. குட்டி வகுப்பு வரிசையின் கடைசியில் ஒரு அம்மா வெறும் கையோடு நின்றாள். "எல்லாருக்கும் வந்துடுச்சு, எங்க பிள்ளை எங்க?" என்று அவள் கேட்க, இடுப்பிலிருந்த பிள்ளை அவள் கன்னத்தைத் திருப்பி, "நான் இங்கதானம்மா இருக்கேன்" என்றது. நான் டிராயரைத் திறந்தேன். உன் தாராள மனசு அத்தனையும் அதற்குள் இருந்தது, வகுப்புக்கு ஒரு பிள்ளை, டீச்சர்கள் வரிசையில் கடைசிப் பெயரான பள்ளிக்கூட வாட்ச்மேன்.

தலைமை டீச்சர் மட்டும் இன்னும் என் துடைப்பப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் படம் அவருக்கு அடுத்த பாட்டு டீச்சரிடம். விசில் ஊதியும் அந்தப் பெண் கொடுக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறது. "குடு" என்றார் தலைமை டீச்சர். கொடுத்தது. உன் மாமா கேமராப் பையின் ஜிப்பில் கை வைத்தபடி அங்கே நிற்கிறார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அவர் வாய்விட்டு, கண் சுருங்கி, தலை பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பச்சை அத்தை எங்கேயும் தெரியவில்லை, ஒரு விரல்கூட இல்லை, புத்தக அலமாரிக்கு முன்னால் ஒரு பொம்பளை தன்பாட்டுக்குச் சந்தோஷமாகச் சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

"இது நானா?" என்றார்.

"நீங்கதாங்க" என்றார் உன் மாமா.

"பல்லெல்லாம் தெரியுது."

"நல்ல பல்லுதானேங்க, தெரிஞ்சா தெரியட்டும்" என்றேன் நான். என் வாயை நீதான் தைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்த அம்மா படத்தைக் கைப்பைக்குள் வைத்தார், வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். "இதைப் பெருசா ஒண்ணு போடுங்க. ஆபீஸ் வாசல்ல மாட்டணும், உள்ள வர்ற பிள்ளைங்க கொஞ்சம் பயப்படாம வரட்டும்" என்றார். ஒரு அடி போய்விட்டுத் திரும்பி உன் மாமாவிடம், "அடுத்த வருஷமும் நீங்கதான். வேற யாருக்கும் குடுக்கப் போறதில்லை" என்றார். என் படத்தை என்னிடம் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார், எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

உன் மாமா நின்ற இடத்திலேயே ஜிப்பைத் திறந்தார். கேமராவை வெளியே எடுத்து, லென்ஸை மாட்டி, வரிசை கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்து மளமளவென்று படம் எடுத்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப் போவதில்லை, சும்மா எடுத்தார். என் கையிலிருந்த போனைத் தானே வாங்கி, "அண்ணே, ஆணிக்கு வேற ஆளு பாத்துக்குங்க" என்றார். நான் உள்ளே போய் டீ போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன், அதை உன் வீட்டுக்காரியிடம் சொல்லாதே, அவள்தான் படித்துக்கொண்டிருக்கிறாளே, பரவாயில்லை.

இப்போது நன்றிக்கு வருகிறேன். தம்பி, அவர் மணிக்கட்டில் வீக்கம் வடிந்துவிட்டது. தட்டில் போட்ட சோற்றைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடுகிறார். சுருட்டை முடியைப் பார்த்தால், "உள்ள வாங்க, உக்காருங்க" என்று தானே கூப்பிடுகிறார். மிஷினை ஏமாற்றி முதல் படம் தொந்தரவு செய்கிறதே, அந்தப் படத்தை அழித்துவிட்டு மிச்சத்தை உள்ளேயில் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நானே சொன்னேன். "லைட் நல்லா விழுந்திருக்கு, அழிக்க மனசு வரல" என்றார். அதற்குப் பதில் என்ன செய்தார் தெரியுமா, ஒவ்வொரு பெயர் வரிசையிலும் மேலே ஒரு பெயர் சேர்த்துவிட்டார், என் பெயர். கணக்குச் சரியாகிவிட்டது. எனக்கும் ஒரு கவர், எனக்கும் ஒரு படம், குட்டி வகுப்பிலும் முதல் ஆள் நான், பெரிய வகுப்பிலும் முதல் ஆள் நான். இத்தனை வருஷம் அந்தத் துணிக்கு முன்னால் நின்று தள்ளிவிடப்பட்டவளை உன் மிஷின்தான் முதல்முதலில் ஒரு ஆள் என்று நினைத்து, நிலாவில் நிற்க வைத்து, அச்சடித்துக் கொடுத்தது. அது தப்பாகச் செய்தது என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம், திருத்த வேண்டாம், லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். உன் மிஷினும் உன் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இனிமேல் எந்த வேலை வந்தாலும் ஒரு குறையும் வராது என்று அவரே நெஞ்சைத் தட்டிச் சொல்கிறார்.

நீ தட்டுகிறதெல்லாம் ஓடட்டும், ஓடுகிறதெல்லாம் நிற்காமல் இருக்கட்டும், உன் வீட்டுக்காரியின் கை எப்போதும் நிறைந்திருக்கட்டும், பூனையால் அல்ல, நல்லதால். உன் மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நேராகச் சொல்ல அவருக்குக் கூச்சம், அதனால் நான் இரண்டு பங்காக எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
எல்லா வகுப்பிலும் முதலாவதாக இருக்கும்
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே வர வேண்டாம் என்று எழுதியிருப்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிடு. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உன் மாமா ஒரு புது வேலையை ஒத்துக்கொண்டு செய்தும் முடித்துவிட்டார். செடி வளர்த்து விற்கிற தோட்டக்காரர் ஒருவர், விளம்பரத்துக்காக ஒவ்வொரு செடிக்கும் தனித்தனிப் படம் கேட்டு ஒரு வண்டி நிறையச் செடி கொண்டுவந்தார். "மிஷின் பாத்துக்கும்" என்று இவர் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பச்சைத் துணிக்கு முன்னால் வைத்து எடுத்து உள்ளேயில் போட்டிருக்கிறார். இப்போதுதான் வெளியேயைத் திறந்து பார்த்தேன். அருமையான கடற்கரை, அருமையான வானம், வரிசையாக மண் தொட்டிகள், ஒரு இலை இல்லை. ரோஜாவில் மட்டும் மூன்று பூ தொட்டிக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. தோட்டக்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பார்க்கவில்லை. சிவப்புத் துணி மாட்டி எடுக்கலாமா என்று கேட்டேன், "ரோஜா போயிடுமே" என்கிறார் உன் மாமா. உடனே கிளம்பி வா. வரும்போது எந்தச் செடியிலும் இல்லாத நிறமாகப் பார்த்து ஒரு துணி வாங்கி வா.